பதினான்காம் தேதி நகல்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்பட்டது என்னவென்றால், நிறுவன வரலாற்றிலேயே முதன்முறையாகக் கணினிச் சேமிப்பகம் தூய்மை செய்யப்படவிருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுகள் அத்தனையும் மறுநாள் காலை பத்து மணிக்கு மேலாளர் முன்னிலையில் அழிக்கப்படும். திரையில் சிவந்து நிற்கும் அளவுகோல் பச்சைக்குத் திரும்பும் காட்சியை இயக்குநர்கள் கண்டுகளிப்பார்கள். மேலாளர் இதற்கென்றே கோட்டு தைத்திருந்தார்.

ஸ்னாப்ஷாட் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சேமிப்பகம் தினம் ஒருமுறை தன்னை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும் நகல். அழிக்கலாம், அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

சேமிப்பகத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவள் சுற்றறிக்கையைப் படித்ததும் தம்பியைக் கூப்பிட்டாள். அவளுடைய தம்பி அதே நிறுவனத்தில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். மார்ச் பதினான்காம் தேதி காலை மெஷின் அவனுடைய இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. பாதுகாப்புத் தடுப்பு உடைந்திருக்கிறதென்று முந்தின நாளே கணினிப் பதிவேட்டில் எழுதியதாக அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். விசாரணைக் குழு திறந்து பார்த்தால், ‘தடுப்பு நல்ல நிலையில் உள்ளது’ என்று அவன் பெயரிலேயே இருந்தது. விபத்தன்று மத்தியானமே யாரோ கைவைத்துவிட்டார்கள். கவனக்குறைவு என்று குழு அவன் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

“அக்கா, நான் எழுதுனது உன் டப்பாவுல எங்கயாவது கெடக்கும்ல?”

“பதினாலாம் தேதி நகல்ல இருக்கும்டா. நீ வாயத் திறக்காம இரு.”

அவளே திறந்து பார்த்திருக்கலாம்தான். ஆனால் விதிப்படி அவள் பெட்டியைத் தூக்கலாம், இறக்கலாம், கொளுத்தலாம். உள்ளே எட்டிப்பார்க்கக் கூடாது. எனவே அந்த ஒரு நகலை மட்டும் விட்டுவைக்கும்படி மேலாளரிடம் போய் நின்றாள். நானூறு போகிற இடத்தில் ஒன்று மட்டும் எதற்கு முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவர் அரைமணி நேரம் அங்கலாய்த்தார். கடைசியில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். இந்த நகலை யாராலும் மாற்ற முடியாது, இதில் உள்ளதே உண்மை என்று அவள் அழுத்தமாக எழுதினாள். பூர்வீகச் சொத்தைத் தாரைவார்ப்பதுபோல அவர் கையெழுத்துப் போட்டார்.

“ஒண்ணுதாம்மா. அப்புறம் பக்கத்துல இருக்கறதும் வேணும்னு வந்து நிக்கக் கூடாது.”

“இது போதும் சார்.”

மறுநாள் மற்றதையெல்லாம் அவளே தன் கையால் அழித்தாள். இயக்குநர்கள் கைதட்டினார்கள். மத்தியானம் விசாரணைக் குழு பதினான்காம் தேதி நகலைத் திறந்தது.

‘தடுப்பு நல்ல நிலையில் உள்ளது.’

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நகல் எடுக்கப்படுவது இரவு பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. முன்பெல்லாம் அந்த நள்ளிரவில் புதிதாகப் பிறந்த தேதிதான் அதற்குப் பெயர். இன்று செய்த வேலைக்கு நாளைய தேதியா என்று போன வருஷம் மேலாளர் கொதித்ததில், முடிந்த நாளின் தேதியை வைக்கும்படி அவளே மாற்றியிருந்தாள். பழக்க தோஷம், மறந்துபோயிற்று. பதினான்கு என்ற பெயரில் இருந்தது பதிவேட்டில் கைவைத்த பிறகு எடுத்த நகல்; தம்பி எழுதியது பதின்மூன்றில் இருந்தது. அதைக் காலையில், முதல் தவணையிலேயே, அழித்திருந்தாள்.

குழுத் தலைவர் அவளுடைய கடிதத்தை நிறுத்தி நிதானமாக உரக்கப் படித்தார். இவ்வளவு தெளிவாக எழுத இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாராட்டவும் செய்தார்.

தம்பியை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.