அப்பா பிடித்த எழுத்துப் பலகை

பத்து வயதுப் பெண்ணுக்குப் பக்கவாதம் வரும் என்று யார் கண்டது? மூளைத்தண்டில் ரத்தக்கட்டி அடைத்து, கை, கால், நாக்கு எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயின. "இடது பக்கம் பாரு, வலது பக்கம் பாரு" என்று பெரிய டாக்டர் சொல்லிப் பார்த்தார். கண் அசையவில்லை. நினைவே இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அவளால் மேலேயும் கீழேயும் மட்டும்தான் பார்க்க முடியும். அந்த மகானுபாவர் அதைக் கேட்டால்தானே! நினைவு பளிச்சென்று இருந்தது. காதும் பாம்புக் காது.

அம்மா குளிக்கப் போயிருந்த நேரம், அப்பா கட்டிலருகே நின்று டாக்டரிடம் சொன்னதும் அந்தக் காதில் விழுந்தது. "சாப்பாட்டு டியூபை எடுத்துடுங்க டாக்டர். தானா உயிர் போயிடுச்சுன்னு அவ அம்மாகிட்ட சொல்லிக்கறேன்."

"ஒரு வாரம் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் இதைச் சொல்லாமல் சாகக் கூடாது. பல்லைக் கடிக்கக்கூட வழியில்லாத கோபம் அது.

அந்த வாரமே பேச்சுப் பயிற்சி டீச்சர் கண்களைக் கவனித்துவிட்டாள். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை. எழுத்துப் பலகையும் வந்தது. பிடிப்பவர் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு உரக்கச் சொல்ல வேண்டும். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் மேலே பார்ப்பாள்; சொல்லி முடித்து அவள் கண்ணை மூடும்வரை நிறுத்தக் கூடாது.

"நான்தான் பிடிப்பேன். என் தங்கம் முதல்ல அப்பான்னுதான் சொல்லும்" என்று முந்திக்கொண்டார் அப்பா.

வாங்க, வசமா மாட்டினீங்க என்று நினைத்துக்கொண்டாள்.

அ. ப். பா. "பாத்தியா!" அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்து டி. யூ. ப். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "குழந்தைக்குக் களைப்பா இருக்கு, நாளைக்குப் பார்ப்போம்" என்று பலகையை இறக்கினார்.

"கண்ணை மூடலையே சார்" என்றாள் டீச்சர்.

பக்கத்தில் நின்ற அம்மா பலகையைப் பிடுங்கிக்கொண்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. எடுக்கச் சொன்னார். நீ குளிக்கப் போனப்ப.

"நிஜமாவாடி?"

கண் மேலே போனது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"அது படற பாட்டைப் பார்க்க முடியாமத்தான்..." என்று அப்பா குழறினார். உண்மையாகவே இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. "அப்பா இங்க இருக்கட்டுமா, கண்ணு?"

கொஞ்ச நேரம் அவர் வியர்க்கட்டும் என்று விட்டாள் மகள். பிறகு கண்ணைக் கீழே இறக்கினாள். யாராவது தப்பாகப் புரிந்துகொள்ளப் போகிறார்களே என்று, அவர் வெளியே போய்க் கதவு சாத்தும்வரை ஏற்றவே இல்லை.