வாசலில் இறக்கிய பெட்டி

டாக்டர் ட்ரென்ச்சை அடக்கம் செய்த மறுநாள் காலையில் எங்கள் கன்னியர் மடத்துக்குத் தந்தி வந்தது. அன்று மாலை பேராயர் விசாரணைக்கு வருகிறார் என்று மட்டும் இருந்தது. காரணம் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை, சமையலறைப் பூனைக்குக்கூட அது தெரியும்.

எங்கள் பாலிகரன் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புராட்டஸ்டண்டுக்காரர் யாராவது இறந்தால், கத்தோலிக்க ஆண்கள்தான் பெட்டியை வீட்டிலிருந்து சுமந்துவருவார்கள். ஆனால் அவர்களுடைய கோவில் வாசலோடு சரி. அங்கே பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, சாலையின் எதிர்ப்புறம் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். கத்தோலிக்கர் உள்ளே கால் வைப்பது பாவம். போன தவக்காலத்தில் பேராயர் லாஃப்டஸ் அந்தப் பாவத்துக்கு இன்னொரு பூட்டும் போட்டார். அதை மன்னிக்கும் அதிகாரம் இனி எந்தக் குருவுக்கும் இல்லை, தனக்கு மட்டும்தான் என்று எல்லாக் கோவில்களிலும் வாசிக்க வைத்தார்.

டாக்டர் ட்ரென்ச் எங்கள் மடத்து ஆஸ்பத்திரிக்கு வாழ்நாள் முழுக்க வந்துபோன மனிதர். காசநோய்ப் பிள்ளைகளின் வராந்தாவில் அவர் உட்காராத கட்டில் கிடையாது. அவரைச் சுமக்க ஊரே திரண்டது. மழையில் பெட்டியை வாசலில் இறக்கினார்கள், சாலையைக் கடந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்கள். அந்தப் பக்கம் மிஞ்சியது அவர்களுடைய போதகரும் இரண்டு கிழவர்களும் டாக்டரின் மனைவியும்தான். ஆண்கள் மூன்று பேரும் குனிந்து தூக்கிப் பார்த்தார்கள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து படியில் இடித்தது. அந்த அம்மாள் தன் குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இருந்த ஆம்பிளைச் சிங்கங்கள் எல்லாம் தங்கள் பூட்சுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"த்தூ" என்றாள் என் பக்கத்தில் நின்ற சிஸ்டர் கோப்நெட்.

கெர்ரியில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி தாண்டியவள் என்று அவளே பீற்றிக்கொள்வாள். விடுவிடுவென்று சாலையைக் கடந்தாள், பெட்டியின் நாலாவது முனையைத் தோளில் வாங்கினாள், உள்ளே போய்விட்டாள். நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தெருவில் கன்னியர் நிலத்தைப் பார்த்தே நிற்க வேண்டும் என்பதும் பேராயர் போட்ட சட்டம்தான்.

ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் பேராயரின் மாளிகைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான். ஒரு கன்னியாஸ்திரீ என்றுதான் சொல்ல முடிந்திருக்கிறது. கறுப்பு உடுப்பில், மழைக்கு இழுத்துவிட்ட முக்காட்டில், எங்களில் யார் யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

பேராயர் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆற்றுக்கு அப்பால் உள்ள மடத்தில் ஒரு சிஸ்டர் அவர் சொல்லை மீறினாள். அந்த வாரமே அவளை லிவர்பூல் கப்பலில் ஏற்றினார்கள். அங்கே ஏதோ ஒரு மடத்தில் சலவை செய்கிறாள், திரும்பி வரவேயில்லை. கோப்நெட் போய்விட்டால் வராந்தாப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? அவள் ஊட்டினால்தான் அதுகள் ஓட்ஸ் கஞ்சி குடிக்கும். அவளுக்கும் அவர்களை விட்டால் உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டில் மதர் கொலும்பா வாய் திறந்தார். எங்கள் மதர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். முகத்தைப் பார்த்து எதையும் படிக்க முடியாது.

"ஆண்டகை நாளைக்குக் காலைல பூசை வைப்பாரு. எல்லாருக்கும் அவரே நன்மை குடுப்பாராம். அப்புறம் ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டு விசாரிப்பாரு. கேட்டதுக்கு உண்மையச் சொல்லுங்க. கேக்காததுக்கு வாயத் திறக்காதீங்க."

நாங்கள் உருளைக்கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டோம். பேராயர் விசாரிக்கக்கூட வேண்டியதில்லையே. அவர் மன்னிக்காத வரைக்கும் கோப்நெட் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், வாங்க முடியாது. வாங்கினால் தேவதுரோகம். வாங்காமல் பெஞ்சிலேயே இருந்தால், நன்மை கொடுக்கும் கிராதியில் நின்று எண்ணுகிறவருக்கு ஆள் கிடைத்துவிடும். அன்று காலைப் பூசைக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வராந்தாவிலேயே இருந்துகொண்டாள். நாளைக்கு அந்தச் சாக்கு செல்லாது.

மதர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே மேலே பேசினார். "இன்னைக்கு சாயங்காலம் கோவிலப் பாப்பாரு. பேழை, பாத்திரம், எல்லாத்தையும். ஆண்டகைக்கு ஒரு பழக்கம். பாவசங்கீர்த்தனத் தொட்டில குரு உக்கார்ற பக்கம் போயி உக்காந்து, கதவச் சாத்திக்கிட்டு, நடுவுல இருக்கற கம்பித் தட்டி சட்டப்படி இருக்கான்னு தடவிப் பாப்பாரு. தொட்டில தூசி இருந்தா எனக்குத்தான் மானக்கேடு. கோப்நெட், நீ போயித் துடை. நாம மண்டியிட்டுப் பாவத்தச் சொல்ற பக்கத்தத் துடை. அவரு வர்ற வரைக்கும் துடைச்சிக்கிட்டே இரு."

"சரிங்க மதர்" என்றாள் கோப்நெட், கஞ்சிப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தியமாக எனக்கும்தான். பெரியவர் வருகிற நேரத்தில் இந்தப் பெண்ணைத் துடைக்கிற துணியோடு அவர் முன்னால் நிறுத்துகிறாரே, இந்த மதருக்கு ஈவு இரக்கம் இல்லையா என்று மனசுக்குள் திட்டினேன்.

கோவில் சாவி என் பொறுப்பு. ஆகவே பேராயரைக் கோவிலுக்குள் நான்தான் அழைத்துப்போனேன். ஒல்லியான மனிதர், மெல்லிய குரல். மண்டியிட்டு மோதிரத்தை முத்தமிட்டபோது அவர் கை ஐஸாக இருந்தது. பேழையைத் திறந்து பார்த்தார், பாத்திரத்தின் உட்புறத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"டாக்டர் அடக்கத்துக்கு நீங்களும் போனீங்களா சிஸ்டர்?"

"போனேன் ஆண்டகையே. எதிர்ப்பக்கம் நின்னேன்."

"உள்ள போனது யாருன்னு பாத்தீங்களா?"

பொய் சொன்னால் பாவம், உண்மையைச் சொன்னால் கோப்நெட் கப்பலில். "தெருவில தலையக் குனிஞ்சு நிக்கணும்னு நீங்கதானே ஆண்டகையே..." என்று இழுத்தேன். அது பதிலே இல்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "நாளைக்கு ஒழுங்காக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் நடந்தார்.

தொட்டிக்குள் போனார், கதவைச் சாத்தினார். கம்பித் தட்டியை அவர் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. மறுபக்கத்துத் திரைக்குக் கீழே கோப்நெட்டின் பெரிய பூட்சு இரண்டும் தெரிந்தன. துணி கீழே விழுந்தது. பூட்சுகளின் அடிப்பாகம் என் பக்கம் திரும்பியது. மண்டியிட்டுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியே சொல்லக் கூடாது. அதை வைத்து யாரையும் எதுவும் செய்யவும் கூடாது. பேராயரானாலும் அதே விதிதான். மதர் கொலும்பா, நீர் நீடூழி வாழ்க!

உள்ளே நடந்ததைப் பிறகு சலவைக்கூடத்தில் கோப்நெட்டே எனக்குச் சொன்னாள்.

"சாமி, பாவியான என்னை ஆசீர்வதியும்" என்று அவள் தொடங்கியதும் தட்டியைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றதாம். சொல்லி முடித்தாள்.

"இது தந்திரமா மகளே, மனவருத்தமா?"

"ரெண்டுந்தான் சாமி. நாளைக்கு நன்மை வாங்கணும். நீங்கதானே மன்னிக்க முடியும், வேற எங்க போவேன்?"

"செஞ்சதுக்கு வருத்தப்படுறியா?"

"உங்க சொல்ல மீறினதுக்கு வருத்தப்படுறேன். தூக்கினதுக்கு வருத்தமில்ல. அந்தம்மா நனைஞ்சுக்கிட்டு நின்னாங்க சாமி."

நான் வெளியே மெழுகுவர்த்தித் தண்டைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளியையே உரித்துவிட்டேன்.

"அந்தம்மாவுக்கும் ஒரு நாள் பெட்டி வரும்" என்றாராம் அவர். "அன்னைக்கு என்ன செய்வே? இனி பதிதர் கோவிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு கடவுள் முன்னால வாக்குக் குடு. குடுத்தா மன்னிப்பு உண்டு. இல்லன்னா எழுந்து போ."

கோப்நெட் அழுதாள். பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்ததாம். கடைசியில் வாக்குக் கொடுத்தாள். அவர் லத்தீனில் மன்னிப்பைச் சொன்னார். அபராதமாக, டாக்டர் ட்ரென்ச்சின் ஆத்துமத்துக்காகத் தினம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அந்த மனிதரிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியதாம்.

மறுநாள் கிராதியில் வரிசையாக மண்டியிட்டோம். கோப்நெட் நாக்கை நீட்டினாள், அவர் நன்மை கொடுத்தார், அடுத்தவளுக்கு நகர்ந்தார். முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாக உள்ளே போனோம். நிலக்கரி போதுமா, செபம் தவறாமல் நடக்கிறதா என்று கேட்டார். அடக்கத்தைப் பற்றி யாரிடமும், என்னிடம்கூட, ஒரு சொல் கேட்கவில்லை. அவளிடம் மட்டும் கேட்காமல் விட்டாலும் காட்டிக்கொடுத்ததாகும், அவளிடம் கேட்டாலும் ரகசியத்தைப் பயன்படுத்தியதாகும். தான் போட்ட பூட்டில் தானே மாட்டிக்கொண்டு, கார் ஏறிப் போனார். அன்று இரவு உணவில் மதர் எங்களுக்குக் கேக் போடச் சொன்னார், எந்தத் திருநாளும் இல்லாமலே.

பனிக்காலம் முடிவதற்குள் திருமதி ட்ரென்ச் இறந்துபோனாள்.

மறுபடியும் அதே சாலை, அதே ஆண்கள், அதே வாசல். பெட்டியை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போதகரும் அதே இரண்டு கிழவர்களும். போன தடவை குடை பிடித்தவள் இப்போது பெட்டிக்குள் இருந்தாள். பெட்டிக்குக் குடை பிடிக்க யாரும் இல்லை. தூக்கினார்கள், சாய்ந்தது, மறுபடி வாசல் கல்லில் இறக்கினார்கள்.

கோப்நெட் செபமாலையை முறுக்கிக்கொண்டிருந்தாள், அறுந்துவிடும்போல. அவள் நிலத்தைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்தாள். கன்னத்தில் ஓடியது மழை இல்லை.

"என்னால முடியாதுடி" என்றாள். "கடவுளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

பேராயர் கேட்டது இதைத்தான். கப்பலில் ஏற்றுவதைவிட இது பெரிய தண்டனை என்று அவருக்கு அன்றே தெரிந்திருக்கும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் தைரியசாலி இல்லை. எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள். முதல் அடக்கத்தன்று பெட்டி சாய்ந்ததை நானும் பார்த்தேன், ஒரு அடி எடுத்துவைக்கவில்லை.

"நீதானே குடுத்தே" என்றேன். "நான் ஒண்ணும் குடுக்கலையே."

சாலையைக் கடந்தேன். போதகர் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். நாலாவது முனைக்குக் கீழே தோளைக் கொடுத்தேன். பாவம், அந்த அம்மாளுக்கு எடையே இல்லை. படியேறும்போது திரும்பிப் பார்த்தேன். எதிர்ப்புறத்தில் மதர் கொலும்பா கண்ணை நிலத்திலிருந்து எடுக்காமல் நின்றார். நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, இந்தத் தடவை தொட்டியைத் துடைக்க என்னைத்தான் அனுப்புவார்.