ஆயிரத்தோடு நின்றுவிட்ட சர்வர்

நான் சுண்டு. வயது இருபத்து மூன்று. இப்போது இருப்பது அலுவலகத்து சர்வர் அறையில், உள்ளே மாட்டிக்கொண்டு. இந்தக் குளிருக்கு விரல் மடங்கவில்லை. ஒரு கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. முதலில் ஒன்று: நான் நன்றாக இருக்கிறேன். சற்று முன் நம் குடும்ப குரூப்பில் "எல்லாம் போச்சு, வேலையும் போச்சு" என்று போட்டேனே, அதை மறந்துவிடுங்கள். அம்மா, அழ வேண்டாம். அக்கா, சிரிக்க வேண்டாம்.

இன்று சாயங்காலம் மேடம் என் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இந்த நாட்டில் இருக்க விசா கிடையாது, ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதற்கு முன் ஒரே ஒரு வேலை கொடுத்தார். வேலையை விட்டுப் போனவர்களின் மெயிலும் கதவு கார்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அவற்றைத் தானாக மூட ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், எழுத வேண்டும்.

இங்கே டைரக்டரி சர்வர் என்று ஒன்று இருக்கிறது. யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்று அதற்குத்தான் தெரியும். என் ஸ்கிரிப்ட் அதனிடம் போய் "இப்ப வேலையில இருக்கிறது யாரு?" என்று கேட்கும். பதிலில் பெயர் இல்லாதவர்களுக்கு மெயிலையும் கார்டையும் மூடிவிடும். சின்னக் கிளை அலுவலகம் ஒன்றில் முதலில் ஓட்டிப் பார்த்தேன், அச்சுப் பிசகாமல் வந்தது. அந்தத் தைரியத்தில் மதியம் இந்த அறைக்கு வந்து மொத்த நிறுவனத்துக்கும் ஓட்டினேன். பதில் வந்தது: ஆயிரம் பேர். கூட ஒன்றில்லை, குறைய ஒன்றில்லை. என்ன அழகான எண் என்று நான் பூரித்துப் போனேன். அந்த இடத்தில்தான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

அரை மணி கழித்து வெளியே போகலாம் என்று கார்டை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன். சிவப்பு. இந்தக் கதவுக்கு உள்ளே வரவும் கார்டு, வெளியே போகவும் கார்டு; அதுவும் மேடம், காவல்காரர், நான் என மூன்று பேர் கார்டுக்குத்தான் திறக்கும். அவசரத்துக்கு ஒரு கண்ணாடிப் பொத்தான் உண்டு. அதை உடைத்தால் கட்டடம் முழுக்க மணியடித்து அத்தனை மாடியும் காலியாகும். நிரந்தரமாக வேண்டிய நாளில் அதை யார் உடைப்பார்? ஆபீஸ் சாட்டைத் திறந்தேன், என் கணக்கும் மூடியிருந்தது. அப்போதுதான் குரூப்பில் அந்தச் செய்தியைப் போட்டேன்.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே மேடம் வந்து நின்றார். பக்கத்தில் காவலுக்கு நிற்கும் மீசை அண்ணன்.

"என்னடா தம்பி பண்ணின? என் கார்டையே கதவு மதிக்க மாட்டேங்குது!" என்று அண்ணன் கத்தினார். "காவல்காரனையே வெளிய நிறுத்திட்டியே, இனி நான் யாருக்குக் காவல்?"

"அவர் கார்டு மட்டுமா? என்னுதும்தான்," என்றார் மேடம். "பாதி ஆபீஸ் படிக்கட்டுல நிக்குது. நீ என்ன செய்ற?"

"கண்டுபிடிச்சுட்டிருக்கேன் மேடம்!"

"எதை?"

"என்ன தப்புன்னு!"

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

நல்லவேளையாக இந்த அறைக் கணினியில் பழைய நிர்வாகக் கணக்கு திறந்தே கிடந்தது. ஸ்கிரிப்ட் சர்வரிடம் கேட்கும் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அடைப்புக்குறி சரி. நிபந்தனை சரி. என் பெயரை மட்டும் தனியாகக் கேட்டேன். "இருக்கிறார்" என்றது. மேடத்தைக் கேட்டேன். "இருக்கிறார்." மீசை அண்ணனும் இருக்கிறார். மொத்தமாகக் கேட்டால் மட்டும் மூன்று பேரும் இல்லை. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் ஆயிரம்.

அப்போதுதான் புரிந்தது. மேடமும் அண்ணனும் இங்கே சேர்ந்து அதிக நாளாகவில்லை. நான் எல்லாருக்கும் கடைக்குட்டி. இந்த சர்வர் ஒரு தடவைக்கு ஆயிரம் பெயர்தான் தரும். பழைய ஆட்களாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. மீதி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? என் ஸ்கிரிப்டாவது கேட்க வேண்டாமா? இரண்டும் சேர்ந்து நானூறு பேரை ஒரே மூச்சில் வேலையை விட்டு அனுப்பிவிட்டன.

பக்கம் பக்கமாகக் கேட்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். ஒரு பக்கம் முடிந்ததும் "அடுத்தது?" என்று கேட்கும், இல்லை என்று வரும்வரை விடாது. இந்த முறை ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். எண்ணில் ஒரு அழகும் இல்லை. ஆனால் அதற்குள் நான் இருந்தேன்.

"மேடம், கிடைச்சிருச்சு! எல்லாரையும் திறந்து விடட்டுமா?"

"இரு. ஸ்க்ரீனை இந்தப் பக்கம் திருப்பு. நான் பார்க்காம எதையும் ஓட்டாத."

கண்ணாடியில் மூக்கு அழுந்த ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு தலையசைத்தார். ஓட்டினேன். மெயில்கள் உடனே திரும்பின. கதவுகள் மட்டும் புதுப் பட்டியலை அரை மணிக்கு ஒருமுறைதான் வாங்கும்.

"அப்ப காத்திரு," என்றார். "உன் கார்டு இந்தக் கதவைத் திறந்தா கையெழுத்துப் போடறேன். திறக்கலைன்னா பேச்சே இல்ல."

அப்போது அவர் போன் அடித்தது. வேலையில் சேர்ந்த அன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவர் நம்பரை நம் குரூப்பில் போட்டது நான்தான். எடுத்தார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உங்க சித்தப்பாவாம். பையன் தெரியாம பண்ணிட்டான், மன்னிச்சிருங்கன்னார். சின்ன வயசுல பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டுட்டுத் திறக்கத் தெரியாம, 'நான் இங்கயே இருந்துக்கறேன், சோத்தை மட்டும் கதவுக்கடியில தள்ளுங்க'ன்னு சொன்னியாமே?"

மீசை அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் கதவடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் உள்ளே வந்தது. தள்ளியது மேடம்தான்.

அதைத் தின்றுகொண்டுதான் இவ்வளவையும் சொல்கிறேன். இருங்கள், நேரமாகிவிட்டது. கார்டை வைக்கிறேன்.

பச்சை.

வெளியே வந்துவிட்டேன். மேடம் அங்கேயே, அண்ணன் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இனிமே எதை ஓட்டினாலும் முதல்ல என்கிட்ட காட்டு," என்றார். அவ்வளவுதான் திட்டு.

இதை யார் முதலில் படித்தாலும் சரி, சித்தப்பா போனை வாங்கி மேடத்தின் நம்பரை அழித்துவிடுங்கள். நன்றி சொல்ல அவர் மறுபடியும் கூப்பிடுவதற்குள்.