ஹக்ரா கிரகத்தின் கடைசிக் கட்டளை

1.

இந்தக் கதை என் அண்ணியின் தொண்டையிலிருந்து வந்தது. அழகுக்காகச் சொல்லவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்ததும் அண்ணி ஒருமுறை செருமுவார்: "ஹக்ர்ர்ர்." எங்கள் தொடர்நாடகத்தில் வரப்போகும் போர்வெறி பிடித்த கிரகத்துக்குப் பெயர் கிடைக்காமல் நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. ஹக்ரா. பெயர் வைத்தாயிற்று.

[எடுத்த எடுப்பிலேயே என் தொண்டையைப் பிடிச்சாச்சா, தம்பி?]

அடைப்புக்குறிக்குள் வருவது அண்ணி. குரல்வளையில் இருந்த ஒரு கட்டியை எடுத்திருக்கிறார்கள். மருத்துவர் சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பேச முடியாத கோபத்தையெல்லாம் என் தாளின் ஓரத்தில் பென்சிலால் தீர்த்துக்கொள்கிறார். அதை அழிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

நாளைக் காலையில் பேசிப் பார்க்கச் சொல்வார்கள். குரல் வரலாம். வராமல் போகலாம். வேறு குரலாக வரலாம். மூன்றையும் மருத்துவர் ஒரே முகத்தோடு சொன்னார். அதற்கு முன்னால் இந்தக் கதையை நிறுத்திவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அண்டமெங்கும் கொடி நாட்டிய ஹக்ரா இன்று வெறும் சாம்பலாக"

வேண்டாம். [நல்லவேளை.]

"இடிபாடுகளுக்கு நடுவே படைத்தலைவன் உர்க் தன் நான்கு கைகளையும்"

நான்கு கைகளையும் என்ன செய்வான்? உர்க்குக்கு எந்த நேரத்தில் நான்கு கை வைத்தேனோ, அன்றிலிருந்து தொல்லை. இரண்டு கைக்கே ஒழுங்காக வேலை கொடுக்கத் தெரியாதவன் நான். கிரகத்தை விட்டுவிட்டு அறையிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அண்ணன் வீட்டுப் பின்னறை. சுவரெல்லாம் பழைய மெத்தை, கதவில் கம்பளி. நான் எழுதுவேன், அண்ணன் ஒலிப்பதிவு செய்வார், அண்ணி பேசுவார். வாராவாரம் இணையத்தில் ஏற்றுவோம். அண்ணி பகலில் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, உர்க்காக மாறி அடுத்த கிரகத்தை நாசம் பண்ணுவார். ஆள் என் தோளுயரம்தான்.

[தோளுக்கு மேல. அளந்து பாருங்க.]

3.

ஹக்ரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கெஞ்சத் தெரியாது, நன்றி சொல்லத் தெரியாது, ஆணையிட மட்டும்தான் தெரியும். பச்சைக் குழந்தையைத் தூங்க வைப்பதும் "கண்ணை மூடு!" என்ற அதட்டலில்தான். கண்ணில் பட்ட கிரகத்தையெல்லாம் பிடித்தார்கள். பிடிக்க வேறொன்றும் மிச்சமில்லாதபோது தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் ஹக்ராவே சுக்குநூறாக உடைந்தது. உர்க்கையும் அதோடு முடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கைகளிலிருந்து தப்பிக்கத்தான்.

அதற்குச் சில மாதம் முன்பிருந்தே உர்க்கின் குரல் கரகரத்துக்கொண்டே வந்தது. நாங்கள் பூரித்துப்போனோம். "என்ன ஒரு கொடூரம்! ரத்தம் உறையுது!" என்று கேட்பவர்கள் எழுதினார்கள். நடிப்பு மெருகேறிவிட்டது என்று அண்ணியே நம்பினார். வேறெந்த வீட்டிலாவது வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பார்கள். நாங்கள் உர்க்குக்கு இன்னும் இரண்டு பக்கம் வசனம் சேர்த்தோம். கடைசியில் ரயில் நிலையத்தில் அறிவிப்பைக் கேட்ட யாரோ ஒரு பெரியவர்தான் அண்ணியைத் தேடி வந்து, "ஏம்மா, தொண்டையைக் காட்டக் கூடாதா?" என்று கேட்டார்.

4.

இப்போது ஒரு மூச்சைப் பற்றி.

ஒலிப்பதிவுக்கு முன்னால் எல்லோரும் அசையாமல் இருந்து அறையின் வெறும் சத்தத்தைக் கொஞ்சநேரம் பதிவு செய்துகொள்வது அண்ணனின் வழக்கம். பிறகு வசனங்களுக்கு நடுவே ஒட்டுப் போட அது உதவும். ஹக்ரா வெடித்து முடிந்ததும் அண்டவெளியின் அமைதி வேண்டியிருந்தது. அண்ணன் அந்த வெறும் சத்தத்தை எடுத்துப் போட்டுவிட்டார்.

அந்தப் பகுதியை இணையத்தில் ஏற்றிய அன்றே கேட்பவர்களின் மின்னஞ்சல்கள் குவிந்தன. "கிரகம் வெடித்த பிறகு யாரோ மூச்சு விடுகிறார்கள்! உர்க் சாகவில்லைதானே?"

போட்டுக் கேட்டேன். மெதுவாக, சீராக, அண்ணியின் மூச்சு. பக்கத்துத் தெரு மிக்ஸி ஓடினால் பதிவை நிறுத்துகிற மனுஷன் அண்ணன். எப்படி விட்டார்?

"என்னண்ணே இது, இவ்ளோ தெளிவாக் கேக்குது!"

அண்ணன் ஹெட்போனை மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "எனக்கு அது சத்தமாவே தெரியலடா. அவ மூச்சு விட்டாத்தானே எனக்கு ரூம் அமைதியா இருக்கும்."

[இதை எங்கிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்காரா பாருங்க!]

(இந்த இடத்தில் பென்சில் முனை உடைந்திருக்கிறது.)

5.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த அன்று அண்ணன் மைக்கைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார்.

"ஏதாவது பேசேன். சும்மா. 'ஏங்க'ன்னு ஒரு தடவை கூப்பிடு. வச்சுக்கறேன்."

"நான் என்ன செத்தா போறேன்? எடுத்துட்டுப் போங்க அதை!"

அண்ணன் மைக்கை ஓரமாக வைத்துவிட்டு, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. எனக்கு இருவர்மீதும் கோபம் வந்தது, அவ்வளவு பிரியம் இருந்ததால் வந்த கோபம்.

சாயங்காலம் அண்ணி என்னிடம் வந்தார். "தம்பி, உர்க் சாகலையாமே. ஒரு சீன் எழுதுங்க."

"என்ன சீன் அண்ணி?"

"அவர் கேக்கறதை என் குரல்ல என்னால பேச முடியாது. அழுதுடுவேன். உர்க்குன்னா பேசிடுவேன்."

எழுதினேன். உடைந்த கிரகத்தின் ஒரு துண்டின்மேல் உர்க்கும், மிச்சமிருக்கும் ஒரே சிப்பாயும். வாய் திறக்காத, சொன்னதைச் செய்கிற சிப்பாய். உர்க் அவனுக்கு ஆணையிடுகிறான். முதல் சில வரிகள்தான் என்னுடையவை. பிறகு அண்ணி தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"உண்! ஆறுவதற்குள் உண்! கதவைப் பூட்டு! பூட்டியபின் இழுத்துப் பார்! ஈரத் துண்டைக் கட்டிலில் எறியாதே! மாத்திரையை மறக்காதே! கண்ணாடியை மண்டையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடாதே! இது என் ஆணை!"

[ஹக்ராவுல ஏது கட்டில், ஏது மாத்திரைன்னு ஒருத்தர்கூடக் கேக்கல.]

யார் கேட்பது? நான் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தலையைக் குனிந்து, ஒலிப்பதிவுக் கருவியில் திருப்பத் தேவையில்லாத குமிழையெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தார்.

கடைசி வரி மட்டும் பாக்கி. தாளில் நான் எழுதியிருந்தது: "நான் திரும்பி வரும்வரை இங்கேயே நில்!" உர்க் எத்தனையோ உலகங்களைப் பொசுக்கியவன். அந்த ஒரு வரியில் அவன் குரல் உடைந்தது. அண்ணி மறுபடி முயன்றார், மறுபடி உடைந்தது.

அண்ணன் பதிவை நிறுத்தினார். "விடும்மா. அது பாக்கி இருக்கட்டும். வந்து சொல்லு."

6.

முடிவுகள்.

முதல் முடிவு: நாளை அண்ணி வாய் திறக்கிறார், பழைய குரல் மணிமணியாக வருகிறது, மருத்துவமனையே கை தட்டுகிறது.

[மருத்துவமனைல சத்தம் போடக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கு.]

இரண்டாம் முடிவு: குரல் வரவில்லை. அண்ணன் அந்தப் பதிவைத் தினமும் போட்டுக் கேட்கிறார். சாப்பிடுகிறார், கதவை இழுத்துப் பார்க்கிறார், ஈரத் துண்டைக் கொடியில் காயப்

[இதை எழுதாதீங்க. இப்பவே காயப் போடுறார்.]

மூன்றாம் முடிவு: அண்ணிக்கு நிஜமாகவே உர்க்கின் குரல் நிலைத்துவிடுகிறது. பயணிகள் நடுங்கிப்போய் வரிசையில் நிற்கிறார்கள்.

[இது பரவாயில்ல. ரயிலும் நேரத்துக்கு வரும்.]

7.

ஏன் இன்றே நிறுத்துகிறேன் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? நாளைக்குப் பிறகு எது நடந்ததோ அதைத்தான் எழுதத் தோன்றும். மற்ற இரண்டையும் அழித்துவிடுவேன். கிரகங்களை அழித்து எனக்குப் பழக்கமாகிவிட்டது. இன்று மட்டும் ஒன்றையும் அழிக்க மனமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் விஷயம்.

அண்ணன் பின்னறையில் மைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், தூசி என்கிறார்.

ஆனால் அந்தச் சிப்பாய் உடைந்த கிரகத்தின்மேல் இன்னும் நிற்கிறான். போகவா நிற்கவா என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. என் குரலில் சொன்னால் அவன் மதிக்க மாட்டான். அண்ணியால் இன்றைக்கு முடியாது. அதனால் இதை வாசிக்கிற உங்களைக் கேட்கிறேன், ஹக்ரர்களைப் போல இல்லாமல் கெஞ்சியே கேட்கிறேன். பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை, ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்:

"நான் திரும்பி வரும்வரை இங்கேயே நில்!"

[அதுக்கு முன்னாடி செருமிக்கச் சொல்லுங்க தம்பி. ஹக்ர்ர்ர். அப்பதான் அவருக்கு நான்னு தெரியும்.]