குழாயில் தேங்கிய துடிப்பு

மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்தார்கள். இதயத்துடிப்பைத் திரையில் காட்டும் கருவி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த மகள், சோதனைக்கு வைத்திருந்த கருவி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மார்பில் ஒட்டினாள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போற நேரத்துல நான் பக்கத்துல இருக்கணும். அவர்கிட்ட சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு. துடிப்பு இறங்குனா உடனே கூப்புடு."

"இப்பவே சொல்லிடேன்மா."

"இப்பச் சொன்னா, எனக்கு நாள் குறிச்சிட்டியான்னு சண்டைக்கு வருவாரு."

கருவிக்குள் இரண்டு பேர் வேலை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் எனப்படும் கருவியின் அடிப்படை மென்பொருளுக்குள் இருப்பவன் யாருக்காகவும் காத்திருக்கமாட்டான். ஒவ்வொரு துடிப்பையும் அந்தக் கணத்திலேயே பிடித்து ஒரு குழாயில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். மறுமுனையில் மகள் எழுதிய ப்ரோகிராம் அதை எடுத்துத் திரையில் கோடாக வரையும். அது கொஞ்சம் மந்தம். பின்தங்கினால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதைக் காட்டவேண்டும். அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு துடிப்பைக்கூட விடக்கூடாதென்று குழாயைப் பெரிதாக்கி, வரிசையாக எடுக்கவைத்திருந்தாள். ஆபீசில் கஞ்சப்பிசினாரி என்று கேலி செய்தார்கள். அவளுக்கு அதில் பெருமைகூட. சோதனை மேசையில் சற்று நேரம் ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் நாள்கணக்கில் ஓடியது.

அன்று மதியம் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது. போர்வையைச் சரிசெய்யத் திரும்பியபோதுதான் கவனித்தாள், அப்பாவின் நெஞ்சு அசையவில்லை. மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சில்லை. திரையில் கோடு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எப்போதோ போய்விட்டார். ஓடுவதெல்லாம் குழாயில் தேங்கிய பழைய துடிப்பு.

"அம்மா!"

ஈரக்கையோடு ஓடிவந்த அம்மா முதலில் திரையைத்தான் பார்த்தாள். "நல்லாத்தானேடி ஓடுது?" பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். "நேரம் வந்துடுச்சா?"

மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மா அப்பாவின் கையை எடுத்துத் தேய்த்துவிட்டாள். "சில்லுன்னு ஆயிடுச்சே" என்றபடி காதோரம் குனிந்தாள். என்னென்னவோ பேசினாள், அழுதாள், நடுவில் ஒருமுறை செல்லமாகத் திட்டவும் செய்தாள். கேட்க ஆளில்லை என்று சொல்ல மகளுக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் கோடு தட்டையானது.

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் போனாரு." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் மிஷின் மட்டும் இல்லேன்னா, நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே இருந்திருப்பேன்டி."

இந்த மிஷின் மட்டும் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால், அம்மா அப்பாவின் கட்டிலருகிலிருந்து எழுந்தே இருக்கமாட்டாள் என்பது மகளுக்குத் தெரியும்.