ஏரிக்கு மேலே ஒரு கை

1
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை மரப்பெட்டியில் வைக்கோலோடு வந்தது. 1961இல் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு இங்கிலாந்திலிருந்து நிட்டிங் மிஷின் ஊசிகள் வந்தன. ஊசி உடையாமலிருக்க வெள்ளைக்காரன் ஏதோ பழைய புத்தகத்தைக் கிழித்துச் சுற்றியிருந்தான். கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து அதில் மூன்று தாள்களை நீவி எடுத்தார். பிரிட்டன் தேசத்துப் பழைய ராஜா, வட்ட மேசை, ஒரு படம்: ஏரி நடுவே வாள் பிடித்த ஒரு கை. யாருடைய கை என்பது நாலாவது தாளில் இருந்திருக்கும். அதில் மேனேஜர் போண்டா மடித்துக்கொண்டு போய்விட்டார்.

2
(‘பனி மூடிய கோட்டைக் கதவு கிறீச்சிட, மாவீரன்...’ வேண்டாம். இந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டேன்.)

மூன்று தாளை முப்பத்தொன்பது வாரச் சரித்திரத் தொடராக இழுத்தார் நாச்சிமுத்து. சென்னைப் பத்திரிகை ஒன்று போட்டது. வீரர்கள் வட்ட மேசையில் கம்மங்களி தின்றார்கள். கவசத்துக்குள் கையில்லாத பனியன் போட்டிருந்தார்கள். [குளிர் தேசத்தில் முழுக்கை அல்லவா போடுவார்கள் என்று ஒரு வாசகர் கேட்டார். நியாயம்தான்.]

நாற்பதாவது வாரம் முடிவு. ஏரியிலிருந்து கை எழவேண்டும். ஆகவே யாராவது மூழ்கவேண்டும். நாயகி பனிமலரை விட்டால் ஆளில்லை. ‘நாளைக் காலை அத்தியாயம் வராவிட்டால் முடிவை நானே எழுதிவிடுவேன்’ என்று பத்திரிகை ஆசிரியர் தந்தி அடித்திருந்தார். மாலை ஐந்து மணித் தபால் ரயிலில் அத்தியாயம் ஏறியாக வேண்டும்.

அன்று சரஸ்வதி பூஜை.

3
தொடர் எழுதும் நோட்டைக் காணோம். பூஜையில் கத்தரிக்கும் பேனாவுக்கும் நடுவே, சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. மறுநாள் வரை எடுக்கக் கூடாது. எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது.

“ஏம்புள்ள, நோட்ட எதுக்கு வெச்சே?”

“நோம்பி நாளும் அதுவுமா ஒரு புள்ளைய முக்கிக் கொல்லப் பாத்தீங்களாக்கும்?” என்றாள் மனைவி மயிலாத்தாள். வாரா வாரம் முதலில் கதை கேட்பவள் அவள்தான்.

“கொல்லாம கை எப்படி மேல வரும்?”

“நீச்சத் தெரிஞ்சா வருமுங்க.”

[இங்கே நாச்சிமுத்துமேல் எனக்கே சந்தேகம். நோட்டை மெல்ல உருவியிருக்கலாமே, யார் பார்க்கப்போகிறார்கள்? மயிலாத்தாள் பார்ப்பாள். பூஜைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.]

4
காதர்பேட்டையில் பனியன் வியாபாரி காசிம் ராவுத்தருக்குப் பூஜை இல்லை, பேனா இருந்தது. நாச்சிமுத்து சொல்லச் சொல்ல எழுத ஒப்புக்கொண்டார்.

“இளவரசன் கண்ணெதிரே பனிமலர் ஏரியில் மூழ்கினாள். எழுதுங்க.”

“அந்தப் புள்ளைக்கு நீச்சல் தெரியுமுங்களா மாஸ்டர்?”

“தெரியாதுங்க.”

“செரி,” என்று ராவுத்தர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“நாஞ்சொன்னது நாலு வரி. நீங்க நாலு பக்கம் எழுதறீங்களே?”

“என் கையெழுத்து கொஞ்சம் பெருசுங்க. வேணும்னா படிச்சுப் பாருங்க.”

பூஜை நாளில் எப்படிப் படிப்பது? ராவுத்தருக்கும் அது தெரியும். அவர் வீட்டம்மா இந்தத் தொடரை ஒரு வாரம் விடாமல் படிப்பவர் என்பதுதான் நாச்சிமுத்துவுக்கு அன்று தெரியாது.

ஸ்டேஷனில் ரயிலின் தபால் பெட்டிக்குள் உறையைப் பாதி நுழைத்துவிட்டு, கையை எடுக்காமல் நின்றார். முப்பத்தொன்பது வாரம் வளர்த்த பெண். விசில் ஊதியது.

“தம் புடிச்சுக்க கண்ணு,” என்று சொல்லி, விட்டுவிட்டார்.

5
முடிவு ஒன்று: நாலு பக்கத்திலும் அவள் மூழ்கினாள், ராவுத்தரின் கையெழுத்து உண்மையிலேயே பெரிது.

முடிவு இரண்டு: அவள் வாளோடு கரையேறி, இளவரசனிடம் உலர்ந்த பனியன் கேட்டாள்.

முடிவு மூன்று: ரயில் ஈரோட்டில்... வேண்டாம்.

அந்த இதழ் என்னிடம் இருக்கிறது. பார்த்து எழுதிவிடலாம்தான். ஆனால் இன்றைக்கும் சரஸ்வதி பூஜை. இதழ் சந்தனத்தோடு உள்ளே இருக்கிறது. பின்னே இதை எப்படி எழுதுகிறாய் என்கிறீர்களா? என் பேனாவுக்கு இன்னும் பொட்டு வைக்கவில்லை. இதோ, என் மனைவி மயிலாத்தாள் குங்குமத்தோடு வந்துகொண்டிருக்கிறாள்.

ஏரிக்கு மேலே வாளோடு ஒரு கை. கீழே தண்ணீர் அசைகிறது. உங்கள் பேனாவுக்குப் பொட்டு வைத்தாயிற்றா? இல்லையென்றால் சீக்கிரம் எழுதுங்கள், பனிமலர் தலையை