கழலாத ஸ்குரூ

துறைமுகத்தில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த ஜேசுதாசன், கப்பல்களின் சரக்கறை மூடிகளில் துருவேறிக் கிடந்த போல்ட்டுகளையெல்லாம் கழற்றிப் போட்டவர், மகளின் ஏர் ரைஃபிளில் இருந்த ஒரு சின்ன ஸ்குரூவிடம் மாட்டிக்கொண்டார். அவருடைய சாமான் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கான அங்குல அளவு அலன்கீகள், ஆறு மூலைச் சாவிகள். ரைஃபிள் ஸ்குரூவோ மில்லிமீட்டர் கணக்கு. சாவி உள்ளே போனது, லேசாக ஆடியது. ஆடினால் ஆடட்டும், நம் கைக்குத் தெரியாததா என்று ஓங்கித் திருப்பினார். சாவி வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆறு மூலையாக இருந்த குழி வட்டமாகிவிட்டது. கப்பலில் பழகிய கைக்குக் கொழுப்பு கொஞ்சம் அதிகம்தான்.

ரைஃபிள், மகள் ஜெப்ஸி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது. அதை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் வேலைக்குப் போனாள். அங்கே கிளப் துப்பாக்கியில் சுட்டுக்கொண்டிருந்தவளுக்கு, மாநிலத் தேர்வுப் போட்டிக்குத் தன் தோளுக்குப் பழகியதே வேண்டும் என்று ஆகிவிட்டது.

"அப்பா, கட்டையையும் குழலையும் தனித்தனியா கழத்தி, ரெண்டு பெட்டியா பஸ் பார்சல்ல போட்டுருங்க. ரெண்டே ஸ்குரூதான்" என்றாள் போனில்.

சென்னையில் ரயில் ஏறிப் படுத்தால் காலையில் நாசரேத்து வீடு. நேரில் வந்து எடுத்துக்கொண்டு போகலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

முன்பக்க ஸ்குரூ எப்படியோ வந்துவிட்டது. பின்பக்கத்ததுதான் இப்படி ஆனது. அன்று சாயங்காலம் தயங்கித் தயங்கி மகளுக்குச் சொன்னார். "ஸ்லிப் ஆயிட்டும்மா."

உடனே வீடியோவில் வந்தாள். "எந்தச் சாவி போட்டீங்க, காட்டுங்க. அய்யோ அப்பா! அது கம்பெனியிலயே பசை போட்டு முடுக்குனது. முப்பது வருஷமா போர்ட்ல என்னத்தப்பா கழத்துனீங்க?" என்று சிரித்தாள்.

அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! மனைவி ரோஸ் இறந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மகளிடமிருந்து ஒரு போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. இரண்டுக்கும் 'ஆமா' சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுவாள். இப்போதோ தினமும் கூப்பிட்டாள். ரப்பர் துண்டை வைத்துத் திருப்பச் சொன்னாள், வரவில்லை. சால்டரிங் அயனால் சூடு காட்டச் சொன்னாள், அதற்கும் அசையவில்லை. நடுநடுவே ஆபீஸ் கதை வந்தது, ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினாள், கூட வேலை பார்க்கும் பானுப்ரியாவுக்கு நிச்சயமானது வரை சொன்னாள். ஜேசுதாசன் நாலு மணிக்கே சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு போன் முன்னால் உட்கார ஆரம்பித்தார்.

ஒரு நாள் முற்பகல், பொழுது போகாமல், ரம்பத் தகட்டால் ஸ்குரூவின் தலையில் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டார். நன்றாகச் சூடுகாட்டி, திருப்புளியை அந்த வெட்டில் வைத்து அமுக்கித் திருப்பினார். கிர்ரென்று ஒரு சத்தம். ஸ்குரூ சுற்றி வந்துவிட்டது. "வந்துட்டுல்லா!" என்று சத்தமாகவே சொன்னார். கேட்க ஆளில்லை. அப்புறம்தான் உறைத்தது. இதைச் சொன்னால் இன்றோடு பேச்சு முடிந்தது. நாளைக்குப் பார்சல், அப்புறம் பழையபடி ஞாயிற்றுக்கிழமை.

ஸ்குரூவைத் திரும்ப முடுக்கினார். வெட்டு தெரியாதபடி கிரீஸை அப்பினார்.

"இன்னும் வரலம்மா" என்றார் சாயங்காலம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வாரம் இப்படியே ஓட்டினார். கடைசியில் ஜெப்ஸிக்குப் பொறுமை போய்விட்டது. "விடுங்கப்பா. போட்டி பக்கத்துல வந்துட்டு. லீவு போட்டுட்டு நானே வாரேன்" என்றாள்.

அவள் ஒரு நாள் பயிற்சியை விடுகிறாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாள்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திவிட்டு, தூத்துக்குடிக்கே பஸ் ஏறிப் போய் நல்ல சீலா மீனாகப் பார்த்து வாங்கிவந்தார்.

ஜெப்ஸி வந்ததும் கைகால் கழுவினாள், நேரே ரைஃபிளிடம் போனாள். துணியால் கிரீஸைத் துடைத்தாள். பளபளவென்று வெட்டு தெரிந்தது. திருப்புளியை வைத்தாள். அமுக்கவே வேண்டியிருக்கவில்லை, ஸ்குரூ இரண்டு விரலில் கழன்று வந்தது.

"இது எப்பப்பா கழண்டுது?"

அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். "போன வாரம்" என்றார்.

"அப்ப எதுக்குப்பா என்னை இழுத்தடிச்சீங்க? பிராக்டிஸை விட்டுட்டு வந்திருக்கேன். வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேம்லா!"

"கிறிஸ்மஸுக்குச் சொன்னேன், ஏளா. அம்மா நினைவு நாளுக்கும் சொன்னேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் திருப்பி ஏதாவது பேசியிருப்பாள். ஸ்குரூவைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"மீன் ஆறிப்போவுது. சாப்பிடு" என்றார்.

சாயங்காலம் பெட்டி இரண்டையும் அவரே ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தார். ரயில் வந்ததும் ஏறி நின்று, "இனி தினமும் கூப்பிடுதேம்ப்பா" என்றாள், கண் கலங்கி. அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து அவளுடைய அறை விளக்கைப் போட்டார். துணிமணி, ஜெயித்த கோப்பை, புத்தகம் எல்லாம் எப்போதோ சென்னைக்குப் போயாயிற்று. இன்னொரு தடவை அவளை வரவழைக்கக் கெடுத்துவைப்பதற்கு அந்த வீட்டில் அவளுடைய பொருள் ஒன்றுமே இல்லை.